கிளிநொச்சி வேலையும் சாமத்து மட்சும்

கிளிநொச்சியில வேலைக்குச் சேர்ந்தாப்பிறகு எழுத மனம் வரேல்லை, உங்கட ஃபுட்போல் ரசிகர் பக்கத்தை மூடட்டோ எண்டு கேட்டிருக்கிறியள். மூடாதேங்கோ, சாமத்தில மட்ச் நடக்கேக்க எழுதிற நேரலைப் பதிவை மட்டும் விடுங்கோ. வேலைக்குச் சேர்ந்து ரெண்டு கிழமையில எழுத மனமே வரேல்லை எண்டால், ஆர்வம் போகேல்லை, நித்திரைதான் போட்டுது. ஐரோப்பிய கிளப்புகளின்ர சாம்பியன்ஸ் லீக் மட்ச் லண்டனில இரவு 8 மணிக்கெண்டால் மாரியில எங்களுக்குச் சாமம் 1.30. விடிய யாழ்ப்பாணத்தில கிளிநொச்சி பஸ் பிடிக்கிற ஆளுக்கு அது சரிவராது.

இந்தச் செவ்வாயும் புதனும் போனைக் குசினியில வைச்சிட்டுப் படுங்கோ. காலமை பஸ்ஸில ஹைலைட்ஸ் பார்த்து, ஆனையிறவு தாண்ட முதல் நாலு வரி எழுதிப் பாருங்கோ. கை ஓடினால் நித்திரைதான் காரணம். மட்ச் பற்றிக் கதைக்கிற குரூப்பை மியூட் பண்ண மறக்காதேங்கோ. ஸ்கோரைச் சொல்லிக் கெடுக்க என்ர மச்சான் ஒருத்தனே காணும்!

மாரியில சனி ராவு 8.30க்கு வாற பிரீமியர் லீக் (இங்கிலாந்து லீக்) மட்சை முழுசாப் பாருங்கோ, அது நித்திரையைக் கெடுக்காது.

ஒண்டு: ஒஃபிஸ் வைஃபையில பக்கத்தைத் திறக்காதேங்கோ, புரொபேஷன் (வேலையில தகுதிகாண் காலம்) முடியுமட்டும்.