பரிணாமம் மெதுவாக நடக்கிறதா, திடீரென்று தாவுகிறதா? கணித மாதிரிகள் எந்தப் பக்கம்?

இரண்டு பக்கமும்தான். சமாதானத்துக்காகச் சொல்லவில்லை, ஒரே சமன்பாட்டிலிருந்தே இரண்டும் வருகின்றன.

மிக எளிய மாதிரியை எடுத்துக்கொள்வோம். புதிய வகை பரவும் வேகம் = அதன் சாதகம் × கூட்டத்தில் அதன் பங்கு × பழைய வகையின் பங்கு. அவ்வளவுதான். இதில் தாவல் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. ஆனால் எண்களைப் போட்டுப் பாருங்கள். ஒரு கோடி பாக்டீரியாவில் ஒன்றே ஒன்றுக்கு 10% சாதகம் தரும் மரபணுப் பிறழ்வு வருகிறது. ஆரம்பத்திலேயே தற்செயலாக அழிந்துபோகாமல் தப்பியும் விட்டது என்று வைத்துக்கொள்வோம். அது 5 சதவீதத்தை எட்டவே சுமார் 130 தலைமுறை ஆகும். சராசரியை அளப்பவருக்கு அதுவரை எதுவும் தெரியாது. அங்கிருந்து 95 சதவீதம் போக வெறும் 60 தலைமுறை.

இதை ஆய்வகத்திலேயே பார்த்திருக்கிறார்கள். உயிரியலாளர் ரிச்சர்ட் லென்ஸ்கி 1988-இல் தொடங்கிய ஈ. கோலை (ஒரு குடல் பாக்டீரியா) சோதனையில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 6.6 தலைமுறை. செல்லின் அளவை 500 தலைமுறைக்கு ஒருமுறை அளந்தபோது சீராக ஏறும் வளைகோடு கிடைத்தது. அப்புறம் 100 தலைமுறைக்கு ஒருமுறை அளந்து 1996-இல் வெளியிட்டார்கள்: படிப்படியாக ஏறும் கோடு, ஒவ்வொரு படிக்கும் நடுவே தேக்கம். அளக்கும் இடைவெளியைக் குறைத்தார்கள், படம் மாறிவிட்டது. என்னைக் கேட்டால் இந்த விவாதத்தில் பாதி சண்டை இந்த இடைவெளியைப் பற்றியதுதான்.

சரி, புதைபடிவங்களில் லட்சக்கணக்கான ஆண்டுகள் தெரியும் தேக்கம்? புதைபடிவ ஆய்வாளர்கள் எல்ட்ரெட்ஜும் கூல்டும் 1972-இல் கிளப்பிய கேள்வி அது. அதற்கு 1985-இல் நியூமன், கோஹன், கிப்னிஸ் ஆகியோர் ஒரு மாதிரி தந்தார்கள். உயிரிகளின் தகுதியை, அதாவது பிழைத்துப் பெருகும் திறனை, நிலப்பரப்பாக வரைந்தால் தகுதி அதிகமான இரண்டு மேடுகள், நடுவே பள்ளம். இயற்கைத் தேர்வு கூட்டத்தை ஒரு மேட்டிலேயே பிடித்து வைக்கும். தற்செயல் நகர்வு (மரபணு வகைகளின் பங்கு தேர்வின்றிக் குருட்டுவாக்கில் ஏறி இறங்குவது) எப்போதாவதுதான் பள்ளத்தைத் தாண்ட வைக்கும். கூட்டம் பெரிதாகப் பெரிதாக இந்தக் காத்திருப்பு அடுக்குக்குறி வேகத்தில் நீளும். தாண்டும் வேலையோ சட்டென முடிந்துவிடும். தாவலுக்கென்று தனி இயங்குமுறை எதுவும் தேவைப்படவில்லை.

இதை வைத்து ஒரே தலைமுறையில் புது உறுப்பு முளைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1930-இலேயே புள்ளியியலாளரும் மரபியலாளருமான ஃபிஷர் கணக்கிட்டுவிட்டார்: மிகச் சிறிய பிறழ்வு நன்மையாக அமையும் வாய்ப்பு ஏறக்குறைய பாதி, பிறழ்வு பெரிதானால், அதிலும் பல பண்புகள் சேர்ந்து இயங்கும் உயிரியில், அது பூஜ்ஜியத்தை நெருங்கும். மேலே சொன்ன 'சட்டென' என்பதும் பல தலைமுறைகள்தான்; பாறை அடுக்கில் அது மெல்லிய கோடாகத் தெரியும்.

தரவு என்ன சொல்கிறது? 2007-இல் ஜீன் ஹன்ட் 250-க்கும் மேற்பட்ட புதைபடிவத் தொடர்களில் மூன்று மாதிரிகளைப் பொருத்திப் பார்த்தார். ஒரே திசையில் சீராக நகர்ந்தவை சுமார் 5% மட்டுமே. மீதியில் ஏறக்குறைய பாதி தேக்கம், பாதி திசையில்லாத தற்போக்கு நடை.