உப்புக்காற்றில் ஓடும் பைக் செயினைக் குறைந்த செலவில் காப்பது எப்படி?

கேள்வி: கடலூர் முதுநகரிலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் 150 சிசி பைக்கில் வேலைக்குச் சென்று வருகிறேன். செயினில் துரு ஏறிக் கரகரவென்று சத்தம் வருகிறது. பட்டறையில் பழைய இன்ஜின் ஆயிலைத் தடவி விடுகிறார்கள். செயின் ஸ்பிரே அடிக்கடி வாங்கக் கட்டுப்படியாகவில்லை. வீட்டிலேயே செய்துகொள்ள வழி உண்டா?

பதில்: உண்டு. கொஞ்சம் டீசல், ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ், பனியன் துணி, 90 நம்பர் கியர் ஆயில் ஆகியவை இருந்தால் போதும். ஒரு டப்பா ஸ்பிரே வாங்கும் பணத்தில் ஒரு லிட்டர் கியர் ஆயில் கிடைக்கும். ஒரு முறைக்குச் சில மில்லி மட்டுமே செலவாகும் என்பதால் அது ஓராண்டுக்கு மேலும் வரும். வண்டி நிறுவனங்கள் பலவும் தங்கள் கையேட்டிலேயே இந்த ஆயிலைத்தான் பரிந்துரைக்கின்றன.

பழைய இன்ஜின் ஆயிலை மட்டும் இனி அனுமதிக்காதீர்கள். இன்ஜினுக்குள் தேய்ந்த உலோகத் துகளும் கரியும் அமிலமும் அதில் கலந்திருக்கின்றன. போதாததற்கு அது தெறித்துப் பின் டயரில் பட்டால் வளைவில் வண்டி வழுக்கும். கிரீஸும் வேண்டாம். அது மூட்டுகளுக்குள் இறங்காமல் வெளியிலேயே நின்று, கடற்கரைச் சாலையின் மணலைப் பிடித்து வைத்துக்கொண்டு, பல்சக்கரத்தைச் சாணை பிடிப்பதுபோல் அரைத்துவிடும்.

தொடங்குமுன் இரண்டு இணைப்புத் தகடுகளுக்கு நடுவே உற்றுப் பாருங்கள். மெல்லிய கறுப்பு ரப்பர் வளையம் தெரிந்தால் அது ஓ-ரிங் செயின். அதன் மூட்டுகளைக் கோக்கும் ஊசிகளை (பின்) சுற்றித் தொழிற்சாலையிலேயே கிரீஸ் வைத்து அந்த வளையத்தால் அடைத்திருப்பார்கள். வளையம் கெட்டால் உள்ளிருக்கும் கிரீஸ் வெளியேறி, உப்பு ஈரம் உள்ளே புகுந்துவிடும்; பிறகு வெளியே எவ்வளவு ஆயில் விட்டாலும் பயனில்லை. ஆகவே பெட்ரோலும் கம்பி பிரஷும் கூடாது, தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதும் கூடாது. மண்ணெண்ணெய் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் டீசலை பிரஷில் தொட்டுத் தேயுங்கள், ஊற வைக்காதீர்கள்.

இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, சென்டர் ஸ்டாண்டு போட்டுச் சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக இன்ஜினை ஓடவிட்டு கியரில் போட்டுச் செயினைத் துடைப்பவர்கள் இருக்கிறார்கள். செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் இடையே துணியோடு விரலும் போனால் விரல் மிஞ்சாது. சென்டர் ஸ்டாண்டு இல்லாவிட்டால் வண்டியைச் சிறிது சிறிதாகத் தள்ளியே செய்யுங்கள். அழுக்கு கரைந்ததும் துணியால் அழுத்தித் துடைத்து, டீசல் ஈரம் போகும்வரை காயவிடுங்கள். ஈரத்தின் மேல் ஆயில் விட்டால் அது நீர்த்து வடிந்துவிடும்.

வேலை முடிந்து வீடு திரும்பியதும், செயின் வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஆயில் விடுவது மிகச் சிறந்தது. கீழ்ப்பக்கமாக ஓடும் செயினின் உட்புறத்தில், ஒவ்வொரு ரோலரின் (தகடுகளுக்கு நடுவே உள்ள சிறு உருளை) இரு ஓரங்களிலும் ஒரு சொட்டு விழும்படி, சக்கரத்தை மெதுவாகச் சுற்றிக்கொண்டே விடுங்கள். உட்புறம் விட்ட ஆயில் சக்கரம் சுழலும்போது தானாகவே வெளிப்பக்கம் பரவும். இரவு முழுவதும் ஊறட்டும். காலையில் மேலே மினுமினுக்கும் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். இந்தத் துடைப்பைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்.

பொதுவாக 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில் விட்டால் போதும். நீங்கள் போக வர ஏறத்தாழ 50 கிலோமீட்டர் ஓட்டுவதால், பத்து நாளுக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தக் கணக்கு செல்லாது. காற்றிலுள்ள உப்பு செயினில் படிந்து ஈரத்தை இழுத்து வைத்திருக்கும்; நனைந்த நாளிலேயே நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவி, துடைத்து, காயவைத்து ஆயில் விடுங்கள். உங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்புக் கரித்தால் அதைச் செயினுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

செயினின் தொய்வு எவ்வளவு இருக்கலாம் என்பது கையேட்டில் அல்லது செயின் கவரில் குறிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலான வண்டிகளில் அது 20 முதல் 30 மில்லிமீட்டர். சக்கரத்தைக் கையால் சுழற்றிச் சுழற்றி, செயினின் நான்கைந்து இடங்களில் தொய்வை அளந்து, மிக இறுக்கமான இடத்தை வைத்தே சரிசெய்யுங்கள்.

உங்கள் செயினில் ஏற்கெனவே துருவும் சத்தமும் இருப்பதால், இவ்வளவும் செய்வதற்கு முன் அதன் ஆயுளைப் பார்த்துவிடுவது நல்லது. பின் பல்சக்கரத்தின் கடைசி முனையில் செயினைப் பிடித்துப் பின்னோக்கி இழுங்கள். பல்லில் பாதி வெளியே தெரிந்தாலோ, பற்கள் கொக்கிபோல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ, மூட்டுகளிலிருந்து செம்பழுப்புத் தூள் உதிர்ந்தாலோ செயின் முடிந்துவிட்டது. அப்போது செயினை மட்டும் மாற்றிச் செலவைக் குறைக்க நினைக்காதீர்கள். தேய்ந்த பற்கள் புதுச் செயினையும் விரைவில் தேய்த்துவிடும் என்பதால், முன், பின் பல்சக்கரங்களோடு செட்டாகவே மாற்றுங்கள்.