மார்ஃபினும் மலைக்காற்றும்

அன்புள்ள ஐயா,

ஏற்காட்டில் இருக்கும் என் அப்பா புற்றுநோய் வலிக்காக மார்ஃபின் மாத்திரை சாப்பிடுகிறார். மலையில் ஆக்ஸிஜன் குறைவு, மாத்திரை மூச்சை அடக்கிவிடும், நிறுத்திவிடு என்கிறார்கள் உறவினர்கள். ஆக்ஸிஜன் குறைந்தால் உடல் தானாகவே வேகமாக மூச்சு வாங்காதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வாங்கும். ஆனால் மார்ஃபின் கை வைப்பதே அந்த இடத்தில்தான். கழுத்தின் இரு பக்கமும், தலைக்குச் செல்லும் பெரிய ரத்தக்குழாய் பிரியுமிடத்தில், அரிசி மணியளவே உள்ள கரோட்டிட் உடல் என்னும் சிறு உறுப்பு இருக்கிறது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்ததும் அது மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்ப, அங்கே 1991இல் அடையாளம் காணப்பட்ட ப்ரீ-போட்சிங்கர் என்னும் நரம்பணுத் தொகுப்பு மூச்சின் தாளத்தை விரைவாக்குகிறது. மார்ஃபின் ஒட்டிக்கொள்ளும் மியூ ஏற்பிகள் அந்தத் தொகுப்பிலேயே உள்ளன. அதனால் செய்தி வந்தும் தாளம் போதிய அளவு விரைவதில்லை. ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி நீள்கிறது. கரியமில வாயு சேர்ந்தால் எழ வேண்டிய தூண்டுதலும் மங்குகிறது, மூச்சுக்கான தவிப்பும் தணிந்துவிடுகிறது. திணறினால் தெரிந்துவிடும் என்று நாம் காத்திருப்போம். அவரோ குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார்.

மலையைப் பற்றி: இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி 1,500 மீட்டர் உயரம் வந்தாலும் காற்றில் ஆக்ஸிஜன் அதே 21 சதவீதம்தான், அழுத்தம்தான் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. அழுத்தம் குறையக் குறைய ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவு, ஏரிப் பக்கம் சமமாகவே போகும் தரை பிறகு மலைச்சரிவாக இறங்குவதைப்போல, ஓர் எல்லைக்குப் பின் சட்டென்று சரியும். ஏற்காட்டுக்காரர் அந்தச் சரிவுக்குச் சற்று அருகில் இருக்கிறார், அவ்வளவே. மருத்துவர் படிப்படியாகக் கூட்டி, வாரக்கணக்கில் உடல் பழகிய அளவில் அபாயம் குறைவு. வலியும் மூச்சைத் தூண்டிக்கொண்டே இருக்கும். ஆகவே உறவினர் சொல்கேட்டு நிறுத்தாதீர்கள்.

சேலத்தில் என் மாமியார் மார்ஃபினில் இருந்த இரவுகளில், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை ஓரமாக வைத்துவிட்டு, போர்வை உயர்ந்து தாழ்வதைக் கடிகாரம் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணுவேன். ஆக்ஸிஜன் குழாய் பொருத்தியிருந்தால் கருவி 97 என்று காட்டிக்கொண்டிருக்க, மூச்சு ஏழாகக் குறைந்து கரியமில வாயு ஏறிக்கொண்டிருக்கக்கூடும். உங்கள் அப்பாவின் மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்கும் கீழே போய், தோளைத் தட்டி அழைத்தும் அவர் சரியாக விழிக்காவிட்டால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். மார்ஃபினின் விளைவை முறிக்கும் நாலாக்ஸோன் ஊசி போட்டதும் பெரும்பாலும் விழித்துவிடுவார். அதன் வேலை மார்ஃபினுக்கு முன்பே தீர்ந்துவிடும் என்பதால் அன்றே வீட்டுக்கு அழைத்துவர அவசரப்படாதீர்கள். தூக்க மாத்திரை எதையும் மருத்துவரைக் கேட்காமல் மார்ஃபினுடன் சேர்த்துக் கொடுக்க வேண்டாம்.