மால்டாவின் இம்ஜார் கிராமத்தில் வயலையும் ஒரு பெரிய தேவாலயத்தையும் தவிர என்ன இருக்கிறது?

'வயலைத் தவிர' என்று கேட்டதுதான் உறுத்துகிறது. இம்ஜாரின் வரலாறே அந்த வயல்தான். கோல்டன் பே கடற்கரைக்குப் போகும்போது பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஒருமுறை இறங்கிப் பாருங்கள்.

மால்டாவில் வற்றாத ஆறு கிடையாது. ஆண்டு மழை சுமார் 550 மி.மீ., அதுவும் பெரும்பாலும் குளிர்காலத்தில். இம்ஜாரைச் சுற்றியுள்ள மேடுகளில் மேலே வெடிப்பு விழுந்த பவளச் சுண்ணாம்புப் பாறை, அடியில் நீலக் களிமண். பாறைக்குள் இறங்கும் மழைநீர் களிமண்ணைத் தாண்ட முடியாமல் தேங்கி, சரிவில் ஊற்றாகக் கசியும். உழவர்கள் இந்தப் பக்கம் வந்து தங்கியதற்கு அந்த ஊற்றுகள் முக்கியக் காரணம்.

எப்போதிலிருந்து? ஊரை ஒட்டிய ஸ்கோர்பாவில் 1961 முதல் 1963 வரை தொல்லியலாளர் டேவிட் டிரம்ப் அகழாய்வு செய்தார். பெருங்கற்களால் கட்டிய, வரலாற்றுக்கு முந்தைய கோயிலுக்கு அருகே, அதைவிட ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பழைய குடியிருப்பின் சுவர் கிடைத்தது. கூடவே கருகிய பார்லி, கோதுமை, மசூர்ப் பருப்பு மணிகள். ஊருக்குள்ளேயே இருக்கும் தா ஹஜ்ராத் கோயிலை 1920-களில் தொல்லியலாளர் தெமிஸ்டாக்கிள்ஸ் ஸம்மித் தோண்டியபோது, சுண்ணாம்புக்கல்லில் செய்த, நான்கரை சென்டிமீட்டரே உள்ள குட்டிக் கோயில் உருவம் ஒன்று கிடைத்தது. அதில் கற்பலகைகளை நெருக்கமாக அடுக்கிய கூரையும் செதுக்கியிருக்கிறது. நிஜக் கோயில்களின் கூரை ஒன்றுகூட இன்று மிஞ்சாததால், விரல் நீளம்கூட இல்லாத இந்தக் கல் பெரிய சாட்சி. இப்போது வல்லெட்டா தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டு கோயில்களும் 1992-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன.

தேவாலயம் 1912-இல் தொடங்கி, பல பத்தாண்டுகள் இழுத்தது. முட்டையும் விளைபொருளும் விற்ற காசில் கட்டியதால் 'முட்டைக் கோயில்' என்பார்கள். குவிமாடமும் வட்டமாக இல்லை, முட்டைபோல நீள்வட்டம். 'முட்டை விற்றா இவ்வளவு பெரிய கோயில்' என்று சிரிப்பவர்கள் உண்டு. கையில் ரொக்கம் புழங்காத குடியானவன் விளைந்ததைத்தானே கொடுப்பான்?

இனி கல்வேலி. வயல்களைச் சுற்றி நிற்கும் சாந்தில்லாச் சுவரைப் பலரும் எல்லைச் சுவர் என்று மட்டும் நினைக்கிறார்கள். சரிவில் மண்ணைப் பிடித்து வைப்பதும் மழைநீரை வடிப்பதும் அதன் வேலை. பாறை தட்டும் வரை தோண்டி, பெரிய கற்களை அடியில் வைப்பார்கள். முன்னும் பின்னுமாக இரண்டு முகம். நடுவில் சல்லிக்கல் திணிப்பு. கல்லின் நீளப்பக்கம் சுவருக்குள் போக வேண்டும், கீழ்வரிசையின் இரண்டு கல் சேரும் இணைப்பின் மேல் மேல்வரிசைக் கல் உட்கார வேண்டும். மேலே போகப் போகச் சுவர் ஒடுங்கி, மண் பக்கம் சற்றே சாயும்.

சல்லிக்குப் பதில் மண்ணைப் போட்டால் இரண்டு மழையில் கரைந்துபோய் முகம் உள்வாங்கும். சிமென்ட் பூசினால் இன்னும் மோசம். வடிய வழியில்லாத நீர் பின்னால் கட்டி நின்று அழுத்த, சுவர் நடுவில் வயிறு தள்ளி, ஒரு பெருமழையில் மொத்தமாகச் சரியும். கூடவே வயலின் மேல்மண்ணும் போகும். வயிறு தள்ளிய சுவருக்கு முட்டுக் கொடுத்துப் பயனில்லை. உறுதியான வரிசை வரை பிரித்து, கல்லை அளவுவாரியாகப் பிரித்து வைத்து, திரும்ப அடுக்க வேண்டும். 1997-ஆம் ஆண்டு விதிகள் இந்தச் சுவர்களுக்குப் பாதுகாப்புத் தருகின்றன, நீர் வடிவதைத் தடுக்கவும் கூடாது என்கின்றன. ஆனாலும் சிமென்ட் பூசிய சுவர்கள் கண்ணில் படத்தான் செய்கின்றன.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்பீர்கள், ஆனாலும் சொல்கிறேன்: குத்தகை நிலம். அப்பனும் பாட்டனும் உழுத நிலத்தைக் குத்தகைக்காரர் கையில் காத்தது 1967-ஆம் ஆண்டுச் சட்டம். அது நில உரிமையாளரின் உரிமையைப் பாதிக்கிறது என்று 2020-இல் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. உரிமையாளர் பக்கமும் நியாயம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் உழவன் வெளியேறினால் அந்தச் சுவரை யார் பிரித்து அடுக்குவது?

போவதானால் பெருங்கற் கோயில்கள் திறக்கும் நேரத்தை முன்பே பாருங்கள். எல்லா நாளும் திறப்பதில்லை. மால்டாவின் இன்னொரு தீவான கோசோவின் படகுத்துறைக்கும் இம்ஜார் என்றே பெயர், பேருந்தில் ஏறும்போது கவனம். மழை பெய்த மறுநாள் போனால் சுவரின் அடியில் நீர் கசிவதைப் பார்க்கலாம்.