வாசகர் கேள்வி – பதில்: ஓடிக்கொண்டிருக்கும் திட்டத்தைப் பொது மென்பொருளுக்கு மாற்றுவது எப்படி?

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் திட்ட மேலாளர்கள் ஒவ்வொருவரும் தத்தம் கணினியில், சிலர் எக்செல் தாளிலும் சிலர் மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட் கோப்பிலுமாக, திட்டங்களை வைத்திருக்கிறோம். எல்லாரும் பார்க்கக்கூடிய ஒரே திட்ட மேலாண்மை மென்பொருளுக்கு மாறிவிட வேண்டும் என்று இப்போது நிர்வாகம் சொல்லிவிட்டது. என் திட்டம் தொடங்கி ஏழு மாதங்கள் ஆகின்றன. 212 பணிகளில் ஏறக்குறையப் பாதி முடிந்துவிட்டது. கோப்பை அப்படியே ஏற்றிவிட்டால் போதும் என்கிறார் ஒருவர். பழையதை மறந்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: அப்படியே ஏற்றினால் ஏழு மாதங்களாகக் கோப்பில் சேர்ந்த குப்பையெல்லாம் கூடவே வரும். புதிதாகப் போட்டால் இந்த ஏழு மாதங்களில் நேர்ந்த தாமதம் கணக்கிலிருந்தே காணாமல் போய்விடும். புதுக் கணக்குப் புத்தகம் தொடங்குகிறவர் பழைய புத்தகத்தின் இருப்பைத்தான் முதல் வரியில் எழுதுவார். அதுவரை நடந்த ஒவ்வொரு வரவு செலவையும் மறுபடி எழுதிக்கொண்டிருக்க மாட்டார், இருப்பே இல்லை என்றும் தொடங்க மாட்டார். உங்கள் திட்டத்துக்கும் அதே முறைதான் பொருந்தும்.

முதலில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாள் மாலை வரை நடந்தவை பழைய கோப்பில் பதிவாக வேண்டும். மறுநாள் காலையிலிருந்து எல்லாப் பதிவும் புதிய மென்பொருளில்தான். இரண்டு இடத்திலும் சில வாரங்கள் சேர்த்தே பதிவு செய்து பார்க்கலாம் என்று நல்லெண்ணத்தோடு சொல்வார்கள். நான் பார்த்த வரையில், அப்படிச் செய்த இடங்களிலெல்லாம் இரண்டாவது வாரத்திலேயே இரண்டு கணக்கும் பிரிந்து போய், எது சரி என்று யாராலும் சொல்ல முடியாத நிலை வந்திருக்கிறது.

அந்த நாளுக்கு முன் முடிந்துவிட்ட பணிகளில் பெரிதாக மெனக்கெட வேண்டாம். ஒவ்வொரு கட்டத்துக்கும் உண்மையில் தொடங்கிய நாள், உண்மையில் முடிந்த நாள், செலவான மொத்த மணி நேரம் ஆகிய மூன்றையும் வைத்து நாலைந்து தொகுப்பு வரிகளாகச் சுருக்கிவிடலாம். விவரம் வேண்டியவர்களுக்கு, மாற்ற முடியாதபடி பூட்டி வைத்த பழைய கோப்பு இருக்கிறது. இனித் தொடங்கப்போகும் பணிகளும் எளியவைதான். சிக்கலெல்லாம் நடுவில் இருக்கும் பணிகளில், அதாவது தொடங்கிவிட்டு இன்னும் முடியாதவற்றில் இருக்கிறது. 212 பணிகளில் அப்படிப்பட்டவை பெரும்பாலும் இருபதைத் தாண்டாது. ஆனால் உங்கள் உழைப்பில் முக்கால் பங்கை அவைதான் கேட்கும்.

ஒரு பணியை எடுத்துக்கொள்வோம். திட்டமிட்டது 10 நாள், அதாவது 80 மணி நேரம். செய்கிறவர் இதுவரை 48 மணி நேரம் உழைத்திருக்கிறார். கேட்டால் “60 சதவீதம் முடிந்துவிட்டது” என்கிறார், ஏனென்றால் 80-இல் 48 என்பது 60 சதவீதம். அதையே புதிய மென்பொருளில் இட்டால், மீதி 32 மணி நேரம் என்று அது தானாகக் கணக்குப் போட்டுக்கொள்ளும். இப்போது அவரிடமே கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: “இன்றிலிருந்து இதை முடிக்க இன்னும் எத்தனை மணி நேரம் வேண்டும்?” சற்று யோசித்துவிட்டு “ஐம்பதாவது ஆகும்” என்பார். அப்படியானால் மொத்தம் 98 மணி நேரம். முடிந்தது 49 சதவீதம்தான். ஒரே பணி, ஒரே ஆள், ஒரே நாள். கேட்ட விதத்தால் 18 மணி நேரம் வேறுபடுகிறது. ஆகவே நடுவில் இருக்கும் பணிகளுக்குச் சதவீதத்தை ஏற்றவே வேண்டாம் என்பேன். உண்மையில் தொடங்கிய நாள், செய்து முடித்த மணி நேரம், மீதியுள்ள மணி நேரம் ஆகியவற்றைக் கொடுங்கள். சதவீதத்தை மென்பொருள் போட்டுக்கொள்ளட்டும். தொடங்கிய நாளை விட்டுவிட்டுச் சதவீதத்தை மட்டும் இட்டால், பணி திட்டமிட்ட நாளிலேயே தொடங்கியதாக மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட் எடுத்துக்கொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள். நான்கு நாள் தாமதமாகத் தொடங்கிய பணி, சொன்ன நாளில் தொடங்கிய நல்ல பிள்ளையாகப் பதிவாகிவிடும்.

அடுத்தது தேதிகள். எக்செல் தாளிலிருந்து ஏற்றுகிறவர்கள், எல்லாப் பணிகளுக்கும் தொடக்க நாளையும் முடிவு நாளையும் சேர்த்தே ஏற்றிவிடுவார்கள். பார்ப்பதற்குப் படம் பழையதைப் போலவே அழகாக இருக்கும். ஆனால் மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட் போன்ற மென்பொருளில், தானாகத் திட்டமிடும் பணிக்கு நீங்கள் ஒரு தொடக்கத் தேதியை எழுதினால், “இந்த நாளுக்கு முன் தொடங்கக் கூடாது” என்ற கட்டுப்பாடாக அது மாறிவிடுகிறது. எல்லாப் பணிகளிலும் அப்படி ஓர் ஆணி அறைந்துவிட்டால், முந்தைய பணி ஒரு வாரம் முன்னதாகவே முடிந்தாலும் அடுத்தது அசையாமல் பழைய தேதியிலேயே நிற்கும். இன்னும் தொடங்காத பணிகளுக்குக் கால அளவையும், எந்தப் பணிக்குப் பின் எது என்ற தொடர்பையும் மட்டும் கொடுங்கள். தேதி தானாக வரும். வராவிட்டால், தொடர்பு எங்கோ விடுபட்டிருக்கிறது என்று பொருள். அதை இப்போதே கண்டுபிடிப்பது நல்லதுதான். 2010-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து அந்த மென்பொருளில் புதிய பணிகள் கைமுறைத் திட்டமிடலாகவே, அதாவது தேதியை மென்பொருள் தானாகக் கணக்கிடாத முறையிலேயே தொடங்கும் என்பதால், ஏற்றுவதற்கு முன் அந்த அமைப்பையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தேதியை எழுதும் முறையிலும் ஒரு பொறி உண்டு. உங்கள் தாளில் 05/04 என்றால் ஏப்ரல் 5. ஏற்றும் மென்பொருள் மாதத்தை முதலில் படிப்பதாக அமைக்கப்பட்டிருந்தால் அது மே 4 ஆகிவிடும். 17/04 என்ற தேதியை அது ஏற்காது, ஏனென்றால் பதினேழாவது மாதம் இல்லை. பிழை என்று சொல்லிவிடும். பிழை காட்டியவற்றை எல்லாரும் திருத்திவிடுவார்கள். சத்தமில்லாமல் உள்ளே போன, மாதத்தின் முதல் 12 நாட்களுக்குள் வரும் தேதிகள்தான் ஆபத்தானவை. எல்லாத் தேதிகளையும் 2025-04-05 என்பது போல ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் மாற்றிய பின் ஏற்றினால் இந்தக் குழப்பமே வராது. பணிகளின் பெயர்கள் தமிழில் இருந்தால், தாளைச் சேமிக்கும்போது யுடிஎஃப்-8 (தமிழ் எழுத்துகளையும் காக்கும் குறிமுறை) வகை சிஎஸ்வி கோப்பாகவே, அதாவது காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக் கோப்பாகவே சேமியுங்கள். இல்லாவிட்டால் பெயர்களெல்லாம் கேள்விக்குறிகளாக வந்து நிற்கும்.

கடைசியாக, தாமதம் மறையாமல் இருப்பதற்கு வேண்டியது பேஸ்லைன், அதாவது முதலில் ஒப்புக்கொண்ட கால அட்டவணையின் பதிவு. புதிய இடத்துக்கு வந்ததும் பலர் உற்சாகத்தில் அன்றைய நிலையையே பேஸ்லைனாகப் பதிந்துவிடுகிறார்கள். மறுகணமே திட்டம் ஒரு நாள்கூடத் தாமதமில்லாததாக மாறிவிடுகிறது. மைக்ரோசாஃப்ட் புராஜெக்டில் 11 பேஸ்லைன்களை வைத்துக்கொள்ளலாம் என்பதால், முதல் ஒப்புதலை ஓரிடத்திலும் மாற்றிய நாளின் நிலையை வேறோரிடத்திலும் வையுங்கள். புதிய மென்பொருளில் பேஸ்லைன் என்ற ஏற்பாடே இல்லையென்றால், “முதல் தொடக்கம்”, “முதல் முடிவு” என்று இரண்டு தேதிப் புலங்களை நீங்களே சேர்த்து, அவற்றை யாரும் திருத்த முடியாதபடி செய்துவிடுங்கள்.

கேள்வி: நான் திட்ட மேலாளர் அல்ல, குழுவில் வேலை செய்கிறவள். திட்டத்தைப் புதிய மென்பொருளுக்கு மாற்றியபின், நான் பதிவு செய்யும் மணி நேரங்களை என் மேலாளர் பார்ப்பதே இல்லை. கேட்டால் “எனக்கு எதுவும் வரவில்லை” என்கிறார். நான் தவறாகப் பதிகிறேனா?

பதில்: தவறு உங்களுடையதாக இருக்க வாய்ப்பில்லை. மைக்ரோசாஃப்டின் புராஜெக்ட் சர்வர் வகையில், அதாவது குழு முழுவதும் பொதுவாகப் பயன்படுத்தும் வகையில், ஒரு பணியை முதலில் வெளியிடுகிறவரே, அதாவது குழுவினர் பார்க்கும்படி அனுப்புகிறவரே அந்தப் பணியின் “ஸ்டேட்டஸ் மேனேஜர்” ஆகிவிடுகிறார். உறுப்பினர்கள் அனுப்பும் பதிவுகளெல்லாம் ஒப்புதலுக்காக அவரிடம்தான் போகும். மாற்றும் வேலையைக் கணினிப் பிரிவில் ஒருவர் செய்து, அவரே வெளியிட்டும் இருந்தால், உங்கள் உழைப்பின் கணக்கு இத்தனை நாளும் அவருடைய ஒப்புதல் பட்டியலில் குவிந்து கிடக்கும். அவரோ அந்தப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார். இதை நான் உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், ஒருமுறை ஒரு குழுவுக்கு உதவப் போய், நானே ஏற்றி நானே வெளியிட்டு, இரண்டு மாதங்கள் கழித்து அந்தப் பட்டியலைத் திறந்து பார்த்து அதிர்ந்தேன். பணிவாரியாக அந்தப் புலத்தில் உங்கள் மேலாளரின் பெயரை இட்டு, மறுபடி வெளியிடச் சொல்லுங்கள். ஏற்கெனவே தேங்கிக் கிடப்பவற்றுக்கு, இப்போது அவை யார் பெயரில் இருக்கின்றனவோ அவரே ஒப்புதல் தர வேண்டும்.

கேள்வி: எங்கள் பிரிவில் 14 திட்டங்கள் நடக்கின்றன. ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றிவிட விரும்புகிறேன். சோதனையாக மூன்றை மாற்றிப் பார்த்தபோதே, ஒரு வடிவமைப்பாளருக்கு ஒரு நாளில் 18 மணி நேர வேலை இருப்பதாகப் புதிய மென்பொருள் சிவப்பில் காட்டுகிறது. மென்பொருளில் ஏதேனும் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. உங்களிடம் ஏற்கெனவே இருந்ததை அது இப்போதுதான் காட்டுகிறது. ஒரு மேலாளர் அந்த வடிவமைப்பாளருக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரம் கொடுத்திருப்பார், இன்னொருவர் 6, மூன்றாமவர் 4. மூன்று கோப்புகளும் தனித்தனியாக இருந்தவரை மூன்றுமே நியாயமானவை. உண்மையில் அவர் நாள்தோறும் 8 மணி நேரந்தான் உழைத்தார், மீதியைத் தாமதம் விழுங்கிக்கொண்டது. பொதுவான மென்பொருளுக்கு மாறுவதில் கிடைக்கும் பெரிய பலன் இந்தச் சிவப்புதான் என்று நான் கருதுகிறேன். அதைப் பார்த்ததும் எண்களைக் குறைத்துப் பச்சையாக்கிவிடாதீர்கள். மூன்று மேலாளர்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, எந்தத் திட்டம் முதலில் என்பதை முடிவு செய்யுங்கள்.

ஆனால் அதற்கு முன், அந்த வடிவமைப்பாளர் ஒரே ஆளாகத்தான் பதிவாகியிருக்கிறாரா என்று பாருங்கள். ஒரு கோப்பில் முழுப்பெயர், இன்னொன்றில் முதலெழுத்தோடு, மூன்றாவதில் “வடிவமைப்பு” என்று வெறும் பிரிவின் பெயர் இருந்தால், ஏற்றும்போது மூன்று பேராக உருவாகி, 18 மணி நேரச் சுமையும் பிரிந்து மறைந்துவிடும். உங்களுக்கு 18 என்று ஒன்றாகத் தெரிந்தது பெயர்கள் ஒழுங்காக இருந்ததால்தான். மீதமுள்ள 11 திட்டங்களையும் தொடுவதற்கு முன், ஆட்களின் பொதுப் பட்டியல் ஒன்றை முடித்து, பழைய கோப்புகளில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் எதிரே புதிய பட்டியலின் பெயரை எழுதி வையுங்கள். சலிப்பூட்டும் வேலைதான், ஆனாலும் இதைத் தவிர்த்தவர்கள் பிறகு இரண்டு மடங்கு செய்கிறார்கள்.

ஒரே நாளில் 14 என்பது வேண்டாம். ஒன்றரை மாதத்துக்குள் முடியப்போகும் திட்டங்களைப் பழைய கோப்பிலேயே முடிய விடுங்கள். அவற்றை மாற்றும் உழைப்பு வீண். ஒன்றன் முடிவுக்காக மற்றொன்று காத்திருக்கும் திட்டங்களைச் சேர்த்தே மாற்றுங்கள், பிரித்தால் இடையிலுள்ள தொடர்பு அறுந்துவிடும். மற்றவற்றை, ஒரு கட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் ஒவ்வொன்றாக மாற்றலாம். ஏற்றும் நாளில் மென்பொருளின் மின்னஞ்சல் அறிவிப்புகளை நிறுத்தி வைக்க மறந்துவிடாதீர்கள். இல்லாவிட்டால் எப்போதோ முடிந்துபோன பணிகளுக்கெல்லாம் “உங்களுக்கு ஒரு புதிய பணி ஒதுக்கப்பட்டுள்ளது” என்று நூற்றுக்கணக்கில் கடிதம் போகும். ஜிரா என்ற பணி கண்காணிப்பு மென்பொருளுக்கு மாறுகிறீர்கள் என்றால், முடிந்த பணிகளின் நிலையை மட்டும் மாற்றினால் போதாது. பணி எப்படி முடிவுக்கு வந்தது என்பதைக் குறிக்கும் “ரெசல்யூஷன்” என்ற புலம் காலியாக இருந்தால், அதன் பல அறிக்கைகளில் அவை முடியாத பணிகளாகவே எண்ணப்படும்.

கேள்வி: எல்லாவற்றையும் சரியாகத்தான் ஏற்றினேன். பணிகளின் எண்ணிக்கை, மீதியுள்ள மணி நேரம் எல்லாம் பழைய கோப்போடு ஒத்துப்போகின்றன. ஆனால் முடிவுத் தேதி மட்டும் 11 நாட்கள் தள்ளிப் போயிருக்கிறது. ஏன்?

பதில்: எண்ணிக்கையையும் மணி நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தீர்கள் என்பதே பாதி வேலை முடிந்ததற்குச் சமம். எஞ்சியது நாட்காட்டி. பழைய கோப்பில் சனிக்கிழமை வேலை நாளாக இருந்து, பொது மென்பொருளின் நாட்காட்டியில் விடுமுறையாக இருந்தால், ஆறு வாரத்தில் ஆறு நாள் அதிலேயே போய்விடும். ஒரு நாளுக்கு எத்தனை மணி நேரம் என்ற அமைப்பையும் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட் கால அளவை உள்ளுக்குள் நிமிடங்களாகவே வைத்திருக்கிறது. நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்ற கணக்கில் 10 நாளாக இருந்த பணி, 7.5 மணி நேரக் கணக்குக்கு வந்ததும் 10.67 நாள் என்று தெரியும். கால அளவுகள் இப்படிப் பின்னமாகத் தெரிந்தால் காரணம் இதுதான்.

இரண்டும் சரியாக இருந்தும் தேதி ஒத்துவரவில்லை என்றால், தவறு பழைய கோப்பில் இருக்கலாம். கடந்து போன தேதிகளில் முடியாத வேலை மிச்சமிருக்கிறதா என்று அதில் தேடுங்கள். நேற்றைக்குச் செய்திருக்க வேண்டிய வேலையை நேற்றே செய்யப்போவது போல அந்தக் கோப்பு வைத்திருக்கும். புதிய மென்பொருளில் மாற்றிய நாளுக்குப் பின்னால் அதை நகர்த்தியிருந்தால், தேதி தள்ளித்தான் போகும். அப்படி நகர்ந்த பணிகளை மட்டும் தனியே ஒரு தாளில் எடுத்துக்கொண்டு உங்கள் மேலாளரிடம் போங்கள். இந்த 11 நாள் தாமதம் மென்பொருளை மாற்றியதால் வந்ததல்ல என்பதை அவர் அந்தத் தாளிலேயே பார்த்துக்கொள்வார்.