விவசாயம், குடும்பம், பழைய வண்டி: மூன்றுக்கும் நேரம் எங்கிருந்து வருகிறது?

கேள்வி கேட்டவருக்கு இரண்டு ஏக்கர் தென்னை, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், கொட்டகையில் அப்பா விட்டுப்போன ஒரு விஜய் சூப்பர் ஸ்கூட்டர். அந்த ஸ்கூட்டரை மறுபடி ஓட வைக்க ஆசை, ஆனால் நேரம் எப்படி ஒதுக்குவது என்று கேட்கிறார். எனக்கும் ஏறக்குறைய இதே கதைதான். கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் ரப்பர், கொஞ்சம் ஏத்தன் (நேந்திரன்) வாழை, வீட்டில் மனைவி, அம்மா, எட்டாம் வகுப்பு படிக்கும் மகள், வண்டி 1984 மாடல் யெஸ்டி பைக். நேரம் ஒதுக்கிவிடலாம் என்று நம்பி முதல் ஒரு வருடம் நான் நிறையப் பட்டுவிட்டேன். விவசாய வீட்டில் நேரத்தை ஒதுக்க முடியாது. மரம், மழை, பிள்ளை மூன்றும் எடுத்தது போக யாருக்கும் வேண்டாமல் கிடக்கும் நேரம் எது என்று தேடித்தான் எடுக்க வேண்டும். காசும் அப்படித்தான்.

வண்டியை அப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கினார். பின்னால் ஒரு பலகை கட்டி, ரப்பர் ஷீட்டை, அதாவது பாலை உறைய வைத்து அழுத்திக் காயவைத்த தகட்டை, மடித்து அடுக்கி, மார்த்தாண்டம் கடைக்கு அதில்தான் கொண்டுபோவார். நான் முன்னால் டேங்க் மேல் உட்கார்ந்திருப்பேன். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் எங்கள் பக்கத்தை என்ன செய்தது என்று இங்கே உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்களுக்கு நானூறு மரம் இருந்தது, அதில் நூற்றியெழுபது ஒரே நாளில் சாய்ந்தது. அதில் ஒன்று கொட்டகை மேலே விழுந்து, ஓடும் உத்தரமும் வண்டி மேல் கிடந்தன. அடுத்த வருடம் சாய்ந்த இடத்தில் புதுக் கன்று வைத்தோம், அந்த வருடக் கடைசியில் அப்பாவும் போய்விட்டார். வண்டி 2020 வரை அப்படியே கிடந்தது. நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, கடல் காற்றும் தூரமில்லை, மூன்று வருடம் போதும், டேங்க் உள்ளே துருவைக் கையால் அள்ளலாம் என்ற நிலைமைக்கு வந்துவிட்டது.

சரி, நேரத்துக்கு வருகிறேன்.

ரப்பர் தெரியாதவர்களுக்கு: பால் வெட்டுவது விடியலுக்கு முன்னால். குளிர்ச்சியில் மரத்துக்குள் அழுத்தம் அதிகம் இருக்கும், பால் நன்றாக ஓடும். நான் நாலரைக்கு தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கினால் மிச்சமிருக்கும் இருநூற்றிமுப்பது மரத்தையும் ஏழு மணிக்குள் வெட்டி முடிப்பேன். அதற்குப் பிறகு பால் மரத்தில் கட்டியிருக்கும் சிரட்டையில் (தேங்காய் ஓட்டில்) வடிந்து நிற்க இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் வேறு எங்கும் போக முடியாது, மழை வந்தால் ஓட வேண்டும், ஆனால் செய்வதற்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. மகள் எட்டு மணிக்கு ஸ்கூல் வேனில் ஏறிவிடுவாள். எட்டிலிருந்து ஒன்பதரை வரை, இந்த ஒன்றரை மணி நேரம்தான் எனக்குக் கிடைத்தது. ஒன்றுவிட்டு ஒரு நாள் வெட்டு, மாதம் பதினைந்து நாள், மழையில் போனதைக் கழித்தால் மாதம் பதினைந்து மணி நேரம் தேறும். குறைவுதான், ஆனால் நாலு வருடம் சேர்த்துப் பாருங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, நான் அடிபட்டுத் தெரிந்துகொண்டது. எஞ்சின் வேலை பார்த்த கையோடு பால் எடுக்கப் போனால் கிரீஸும் கரியும் பாலில் கலக்கும், ஷீட் கறுத்துப் போகும், கடைக்காரர் தரம் குறைத்துவிடுவார். சோப்பு போட்டு எத்தனை தடவை கழுவினாலும் நக இடுக்கில் இருக்கும். அதனால் காலை நேரத்தில் சுத்தமான வேலை மட்டும்: வயரிங், ஸ்போக்ஸ் துடைப்பது, மீட்டர், நட்டு போல்ட்டுகளைப் பிரித்து எடுத்து வைப்பது. அழுக்கு வேலையெல்லாம் வெட்டு இல்லாத நாள் சாயங்காலம். வேலையை இப்படி அழுக்கைப் பார்த்துப் பிரித்த பிறகுதான் எல்லாம் ஒரு ஒழுங்குக்கு வந்தது.

அந்த ஒழுங்கு வருவதற்கு முன்னால் இரண்டு தப்பு செய்தேன். ஒரு நாள் கார்புரேட்டரைப் பிரித்து உட்கார்ந்தவன் நேரம் போனதே தெரியாமல் பதினொன்றரைக்குத்தான் எழுந்தேன். நல்ல வெயில். பாதி மரத்தில் பால் சிரட்டையிலேயே உறைந்து கிடந்தது. அதில் ஷீட் போட முடியாது, ஒட்டுப்பால் என்று குறைந்த விலைக்குத்தான் தள்ள முடிந்தது, ஒரு நாள் உழைப்பு போச்சு. அது கூடப் பரவாயில்லை. இன்னொரு நாள் மகள் ஸ்கூலில் பெற்றோர் கூட்டம், நான் வருகிறேன் என்று சொல்லியிருந்தேன், சிலிண்டரின் உள்பக்கத்தைக் கடைய மார்த்தாண்டத்தில் லேத்துப் பட்டறையில் உட்கார்ந்துவிட்டு மறந்தே போனேன். அவள் வாசலிலேயே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அன்று ராத்திரி மனைவி சத்தம் போடவில்லை. மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் எடுத்து வைத்துவிட்டு, "மரத்துக்கு நேரம் வச்சிருக்கிய, வண்டிக்கு நேரம் வச்சிருக்கிய, பிள்ளைக்கு எப்பம்?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். எனக்குப் பதில் இல்லை. இரண்டு மாதம் வண்டிப் பக்கமே போகவில்லை.

மறுபடி ஆரம்பித்தபோது அவளிடமே கேட்டேன், எப்படிச் செய்தால் உனக்குச் சரிப்படும் என்று. அவள் சொன்னது மூன்று. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்த பிறகு அன்று முழுக்க ஸ்பானரைத் தொடக்கூடாது. பரீட்சை மாதத்தில் வண்டி வேலையே கூடாது. ஷீட் விற்ற காசிலும் வாழைக்குலை விற்ற காசிலும் ஒரு ரூபாய் கூட வண்டிக்குப் போகக்கூடாது, வேண்டுமானால் ஒட்டுப்பால் காசை எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டுப்பால் என்றால், வெட்டின தடத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் நூலும் சிரட்டை அடியில் உறைந்து கிடப்பதும். அதைச் சாக்கில் சேர்த்து வைத்து எப்போதாவது விற்போம், ஷீட்டை விட விலை குறைவு. அந்தச் சாக்குதான் என் பட்ஜெட். சாக்கு நிறைந்தால் பிஸ்டன், அடுத்த சாக்குக்கு ரிம், அதற்கடுத்ததுக்கு சைலன்சர். மெதுவாகத்தான் போனது, ஆனால் நாலு வருடத்தில் ஒரு தடவை கூட காசு விஷயத்தில் வீட்டில் முகம் கோணவில்லை. நீங்களும் வீட்டுக்காரியிடம் கேட்டு இப்படி ஒரு வரவைத் தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள், எவ்வளவு சின்னதானாலும் சரி. நான் கொடுக்கும் யோசனைகளில் இதுதான் முக்கியமானது.

மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாய்ந்த மரங்களில் கட்டியிருந்த சிரட்டை நூற்றுக்கணக்கில் சும்மா கிடந்தது. அவள் அதில் ஒரு ஐம்பதைக் கழுவி, வெளியே சாக்பீஸால் நம்பர் போட்டு, நோட்டில் அதே நம்பருக்கு நேரே "கிளட்ச் மூடி, 5 ஸ்க்ரூ, ஒன்று நீளம்" என்று எழுதி வைத்தாள். பிரித்து வைத்தது எது எங்கே என்று நான் ஒரு நாளும் தேடவில்லை. யெஸ்டியில் கியர் லீவரும் கிக்கரும் ஒன்றேதான், லீவரை உள்ளே தள்ளி மேலே திருப்பினால் கிக்கர் ஆகிவிடும். வண்டியில் எதுவுமே ஓடாத காலத்தில் அவள் அதை மட்டும் தள்ளித் தள்ளித் திருப்பிப் பார்ப்பாள். நான் அவளுக்கென்று தனியாக நேரம் ஒதுக்கி உட்கார்ந்த நாட்களை விட அந்தக் கொட்டகையில் அவள் என்னிடம் பேசியது அதிகம்.

டெக்னிக்கலாக ஒரு விஷயம் விரிவாகச் சொல்கிறேன், டூ ஸ்ட்ரோக் வண்டி, அதாவது பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டும் வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் உதவும். பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக் கிடந்தது. பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி, பத்து நாள் ஊறப் போட்டு, வண்டியைக் கியரில் வைத்துப் பின் வீலை மெல்ல ஆட்டி ஆட்டித்தான் விடுவித்தேன். தட்டி எடுக்கப் பார்க்காதீர்கள், பிஸ்டன் உடையும், கனெக்டிங் ராடும் வளையும். அப்புறம் 2023 பிப்ரவரியில் முதல் தடவையாக ஸ்டார்ட் ஆனது. கொட்டகை முழுக்க வெள்ளைப் புகை. டூ ஸ்ட்ரோக் என்றால் கொஞ்சம் புகை இருக்கும், சூடானதும் குறையும், இது குறையவே இல்லை. பெட்ரோலில் லிட்டருக்கு 40 மில்லி ஆயில் கலந்திருந்தேன், அது கூடிப்போயிற்றோ என்று சந்தேகம். கார்புரேட்டரை மூன்று தடவை கழற்றி மாட்டினேன். இரண்டு மாதம் இப்படியே போனது. அந்தக் காலத்தில் யெஸ்டி வேலை நிறையப் பார்த்த ஒரு மெக்கானிக் அண்ணன் எதையும் தொடாமல், "கியர் ஆயிலை வடிச்சுப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். வடித்தால் ஊற்றியதில் பாதி கூட இல்லை. இந்த எஞ்சினில் கிளட்ச் பக்கத்துக்கும் கியர் பெட்டிக்கும் ஒரே ஆயில்தான். பிஸ்டன் சுற்றவைக்கும் தண்டான கிராங்க் ஷாஃப்டில், கிளட்ச் பக்கத்து ஆயில் சீல் (ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) இறுகிப்போனால், பிஸ்டன் மேலே போகும்போது உண்டாகும் இழுப்பில் ஆயில் அந்தத் தண்டு சுற்றும் கிராங்க் கேஸுக்குள் வந்து பெட்ரோலோடு சேர்ந்து எரியும். அதனால்தான் புகை. மறுபக்க சீல் போனால் ஆயிலுக்குப் பதில் காற்றை இழுக்கும், வண்டி தாறுமாறாகச் சூடாகும். வருடக்கணக்கில் சும்மா கிடந்த எந்த டூ ஸ்ட்ரோக் எஞ்சினானாலும் இரண்டு சீலையும் யோசிக்காமல் முதலிலேயே மாற்றிவிடுங்கள். நாங்கள் மரத்திலிருந்து எடுக்கும் ரப்பர் ஆயில் பட்டால் ஊதிப்போகும், சீலுக்குச் செயற்கை ரப்பர்தான் ஆகும் என்பதையும் அந்த அண்ணன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன், இத்தனை வருடம் ரப்பரிலேயே கிடந்தும்.

வருடக் கணக்கு இப்படி. பிப்ரவரியில் ரப்பர் இலை உதிர்ந்து புதுத் தளிர் வரும், வெட்டு நிறுத்திவிடுவோம், தோட்டத்தில் தேன் பெட்டி வைப்பார்கள். எஞ்சின் திறப்பது, பெயிண்ட் அடிப்பது எல்லாம் அந்த மாதத்தில்தான். மார்ச் மகளின் பரீட்சை. ஜூனுக்கு முன்னால் மரத்துக்கு மழை மறைப்பு பிளாஸ்டிக் கட்ட வேண்டும், மழைக்காலத்தில் பெயிண்ட் அடித்தால் ஈரத்தில் வெளுத்துப் போகும். ஓணத்துக்கு முந்தைய இரண்டு மாதம் ஏத்தன் குலையைத் தவிர வேறு நினைப்பே கிடையாது, வருடத்தில் நல்ல விலை கிடைப்பது அப்போதுதான்.

காகித வேலையைக் கடைசிக்கு விடாதீர்கள், நான் விட்டுவிட்டு அலைந்தேன். பதிவு முதல் 15 வருடத்துக்குத்தான், பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை படிவம் 25-இல் புதுப்பிக்க வேண்டும். ஆர்சி (பதிவுப் புத்தகம்) அப்பா பெயரில் இருந்தால் படிவம் 31, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ். 50 வருடம் தாண்டிய வண்டி என்றால் 2021-இல் வந்த விதிப்படி விண்டேஜ் பதிவு எடுக்கலாம், நம்பரில் விஏ என்று வரும், புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி ஓட்டக்கூடாது. தோட்டத்துக்கும் கடைக்கும் ஓட்ட நினைத்தால் அது வேண்டாம், சாதாரணப் புதுப்பிப்பே போதும்.

புயலுக்குப் பிறகு வைத்த கன்றுகள் போன வருடம் வெட்டுக்கு வந்தன, ஏழு வருடம் ஆயிற்று. அந்த மரங்களின் முதல் ஷீட்டை யெஸ்டி பின்னால் பலகையில் கட்டித்தான் கடைக்குக் கொண்டுபோனேன். டேங்க் மேல் உட்காரும் வயது மகளுக்குத் தாண்டிவிட்டது. ஷீட்டுக்கும் எனக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து வந்தாள்.

உங்கள் விஷயத்துக்கு: தென்னையில் எங்களைப் போல தினசரிக் கெடு கிடையாது, தேங்காய் வெட்டுக்கும் வெட்டுக்கும் நடுவில் ஒன்றரை மாதம் இருக்கும், வெட்டி உரித்து ஏற்றி அனுப்பிய அடுத்த வாரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். எஞ்சினைப் பிரிக்கும் முன் ஆர்சி புத்தகத்தைத் தேடி எடுத்து, எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஒத்துப்போகிறதா பாருங்கள். நாளைக்கே டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்து உள்ளே ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள். துரு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, வினிகர் ஊற்றி ஊறப் போட்டால் போதுமா, வெட்டித் திறந்து சுத்தம் செய்ய வேண்டுமா என்று சொல்கிறேன்.