வந்தியத்தேவன் பெயர் எங்கே இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

கோடை விடுமுறையில் குடும்பத்தோடு தஞ்சாவூர் போய் வந்தோம். என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். 'பொன்னியின் செல்வன்' படத்தின் இரண்டு பாகங்களையும் பலமுறை பார்த்தவள். அதன் பிறகு நாவலையும் ஒரே மாதத்தில் படித்து முடித்துவிட்டாள். பெரிய கோயிலுக்குள் கால் வைத்ததுமே, "அப்பா, வந்தியத்தேவன் இங்கே வந்திருப்பானா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர், விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று அவளிடம் சொன்னார். அதையும் மறுக்கத் தெரியாமல் நின்றேன்.

ஊர் திரும்பியதும் வரலாறு படித்த நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். நாவலும் சினிமாவும் பிள்ளைகள் மனத்தில் பொய் வரலாற்றை விதைத்துவிட்டன, முதலில் அதைக் களைய வேண்டும் என்று கடிந்துகொண்டார். மகளின் ஆர்வத்தை நான் வளர்க்க வேண்டுமா, திருத்த வேண்டுமா?

ம., ஈரோடு

அன்புள்ள ம.,

மகளின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வந்தியத்தேவன் வந்து போனானா என்பதற்குச் சான்று இல்லை. ஆனால் அவன் பெயர் அந்தக் கோயிலில் இருக்கிறது. கல்லில் வெட்டியிருக்கிறார்கள்.

இராஜராஜனின் அக்கா குந்தவை கோயிலுக்குக் கொடுத்தவற்றைப் பதிவு செய்யும் கல்வெட்டு அவரை இப்படிச் சொல்கிறது: 'ஸ்ரீராஜராஜதேவர் திருத்தமக்கையார் வல்லவரையர் வந்தியதேவர் மஹாதேவியார் ஆழ்வார் பராந்தகன் குந்தவையார்'. நாவலின் ஐந்து பாகங்களும் அந்த வீரனின் குதிரைக்குப் பின்னாலேயே ஓடுகின்றன. கல்லிலோ அவன் ஒரு பெண்ணின் பெயருக்கு முன்னால் வரும் அடைமொழி. கொடை கொடுத்தவர் குந்தவை, கணவர் என்பதால் இவன் பெயர் உடன் வருகிறது. இதை உங்கள் மகளிடம் சொல்லிப் பாருங்கள். நாவலைப் படித்திராத பிள்ளைக்கு அந்த வரி வெறும் பெயர்களின் வரிசை. அவளுக்கு அப்படி இருக்காது. குந்தவை தம் தந்தை சுந்தர சோழருக்கும் அங்கே ஒரு படிமம் எடுப்பித்தார். அந்தத் தந்தையைக் கல்வெட்டு 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்', அதாவது பொன்மாளிகையில் மறைந்தவர், என்கிறது. காஞ்சிப் பொன்மாளிகையை நாவலில் கண்டவளுக்கு இந்தச் சொற்கள் என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள்.

உங்கள் நண்பரின் கவலையில் நியாயம் இருக்கிறது. நாவலில் வரும் நந்தினிக்கு எந்தக் கல்வெட்டும் இல்லை, பூங்குழலிக்கும் இல்லை. இவர்களை உண்மை மனிதர்கள் என்றே நம்புகிற வாசகர்களை நானும் சந்தித்திருக்கிறேன். இராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலையை எடுத்துக்கொள்ளுங்கள். காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயிலில், இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 'பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளான' சிலரின் பெயர்களை அது சொல்கிறது. சோமன், பஞ்சவன் பிரமாதிராஜன் என்ற ரவிதாசன், இருமுடிச்சோழ பிரமாதிராஜன் என்ற பரமேசுவரன். உண்மையில் அது ஒரு நில ஆவணம். துரோகிகளுக்கும் அவர்களுடைய உறவினர்களுக்கும் உரிய சொத்து என்னவாக வேண்டும் என்பதே அதன் பேச்சு. ஏன் கொன்றார்கள், பின்னால் யார் இருந்தார்கள் என்று ஒரு சொல்லும் இல்லை. இராஜராஜனுக்கு முன் ஆண்ட உத்தம சோழன் மேல் வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி ஐயம் கொண்டார், இன்னொரு வரலாற்றாசிரியரான சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். கல் பேசாமல் விட்ட அந்த இடத்தில்தான் கல்கி தன் கதையைக் கட்டினார். கட்டியது குற்றமில்லை. கல் எங்கே முடிகிறது, கதை எங்கே தொடங்குகிறது என்று பிள்ளைக்குக் காட்ட ஆள் இல்லாமல் போவதுதான் என் வருத்தம்.

நிழல் விஷயம் வேறு. அது கதை என்ற பெயரில் வரவில்லை, உண்மை என்ற பெயரில் வருகிறது. அடுத்த முறை மாலையில் போங்கள். 216 அடி விமானத்தின் நிழல் தரையில் நீண்டு கிடப்பதை மகளே பார்த்துக்கொள்வாள்.

ஒன்றை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. அந்தக் கோயிலின் சுவரெங்கும் இராஜராஜன் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. ஆனாலும் 1880களில் ஹுல்ஷ் என்ற ஜெர்மானியர் அந்தக் கல்வெட்டுகளைப் படித்துச் சொல்லும்வரை, அதைக் கட்டியவர்கள் என்று வேறு சோழர்களின் பெயர்களே வழங்கின. அப்போது சினிமாவும் இல்லை, தொடர்கதையும் இல்லை. சுவர் நின்றது, எழுத்து நின்றது, படிக்க நாம் இல்லை.

படித்தால் என்ன கிடைக்கும்? எனக்கு மிகவும் பிடித்தது அரசனைப் பற்றியதே அல்ல. சோழநாட்டின் பல கோயில்களிலிருந்து நானூறு தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயிலில் ஆடும் பெண்களை, தஞ்சைக்கு வரவழைத்துக் குடியமர்த்தினார்கள். அந்த நீண்ட கல்வெட்டில் ஒவ்வொருவருக்கும் பெயர் இருக்கிறது, வந்த கோயில் இருக்கிறது, தெருவின் எந்தச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீடு என்பதும் இருக்கிறது. தென்சிறகின் தலைவீடு திருவையாற்று ஓலோகமாதேவி ஈசுவரத்திலிருந்து வந்த நக்கன் சேரமங்கைக்கு. அவருக்குப் பங்கு ஒன்று. ஒரு பங்கு என்றால் ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அந்தப் பங்கு அவருடைய நெருங்கிய உறவினருக்குப் போக வேண்டும் என்ற விதியும் உண்டு. அதே பட்டியலில் நட்டுவர், பாடுவோர், தையற்காரர், கணக்கர், நாவிதர், வண்ணார், குயவர், தச்சர் எல்லாரும் வருகிறார்கள். இன்னொரு பக்கம், ஒரு விளக்கு அணையாமல் எரிய 96 ஆடுகள், நாளுக்கு ஓர் உழக்கு நெய், அதற்குப் பொறுப்பேற்ற இடையர்களின் பெயர்கள். அந்த ஆடுகளுக்குச் சோழர் கால வழக்கு 'சாவா மூவாப் பேராடு'. கிழடாவதும் சாவதும் குட்டிகளால் ஈடாகி, மந்தை எண்ணிக்கை குறையாமல் நிற்க வேண்டும் என்பது பொருள்.

அந்தப் பட்டியலை முதன்முறை நான் வாய்விட்டு வாசித்தபோது நாற்பது, ஐம்பது பெயர்கள் வரை கணக்கு வைத்திருந்தேன். பிறகு கணக்கு விட்டுப்போனது. யாரோ ஒருத்தி தன் ஊரைவிட்டு மூட்டையோடு வந்து அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்ததுதான் கண்முன் நின்றது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய வீட்டு எண்களைக் கையில் வைத்துக்கொண்டு, சோழர் என்றால் போரும் கிரீடமும் மட்டுமே என்று நாம் ஏன் நினைக்க வேண்டும்? நாவல்மீதும் சினிமாமீதும் எனக்குக் குறை உண்டென்றால் அது இதுதான். அவை அரண்மனையைவிட்டு அதிகம் வெளியே வரவில்லை.

ஓவியங்களையும் சொல்ல வேண்டும். கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் நாயக்கர் கால ஓவியப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டார். பொதுமக்கள் அங்கே போக முடியாது, புகைப்படங்களில்தான் பார்க்க வேண்டும். சுந்தரரின் திருமணத்தை ஒரு கிழவர் ஓலையோடு வந்து தடுக்கிறார், சுந்தரர் வெள்ளை யானைமீதும் சேரமான் பெருமாள் குதிரைமீதும் கயிலைக்குப் போகிறார்கள். வரைந்தவர்களுக்கு அது சுமார் இரண்டு நூற்றாண்டு பழைய கதை. கொண்டையையும் நகையையும் உடையையும் எங்கே பார்த்து வரைந்தார்கள்? தங்கள் தெருவில்தான். இன்று ஆய்வாளர்கள் அந்த ஓவியங்களிலிருந்து எடுப்பது சுந்தரர் காலத்தை அல்ல, இராஜராஜன் காலத்தை. பழங்கதைக்குத் தன் காலத்து உடையைப் போர்த்துவதை அந்த ஓவியர்களும் செய்தார்கள், 1950இல் தொடங்கிய தொடர்கதையும் செய்தது, 2022இல் வந்த படமும் செய்தது. ஆகவே படத்தைப் பார்க்க விடுங்கள். பார்த்த பிறகு, "இந்த நகையை எங்கிருந்து எடுத்திருப்பார்கள்?" என்று மட்டும் கேளுங்கள். அவள் தேடிப் போவாள்.

கோயிலோடு திரும்பிவிடாமல் அரண்மனையில் உள்ள கலைக்கூடத்துக்கும் போங்கள். திருவெண்காட்டிலிருந்து வந்த, காளையை ஊர்தியாகக் கொண்ட சிவனின் (ரிஷபவாகனர்) செப்புத்திருமேனி அங்கே இருக்கிறது. 1011, அதாவது பெரிய கோயில் நிறைவேறி ஓராண்டு கழித்து. பாம்பு சுற்றிய தலைப்பாகை போன்ற சடை, ஒரு கை காளையின்மேல் சாய்ந்திருப்பதுபோல நிற்கிறது. ஆனால் காளை அங்கே இல்லை. இல்லாத காளையின் உயரமும் முதுகின் வளைவும் அந்தக் கையிலேயே தெரிகின்றன. அவசரப்படுத்தாமல் மகளை அங்கே நிற்க விடுங்கள்.

கோயிலில் ஒரே ஒரு வாக்கியத்தைத் தேடச் சொல்லுங்கள். 'நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்' கல்லிலே வெட்டுக என்று இராஜராஜன் வாய்மொழியாக இட்ட ஆணை அது. ஸ்ரீவிமானத்துச் சுவரில் இருக்கிறது. வாக்கியத்தை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். எழுத்து புரியாதே என்று பயப்பட வேண்டாம். ட, ப இரண்டும் இன்றைய வடிவத்துக்கு மிக அருகில்தான் இருக்கின்றன, அவற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நகரலாம். அந்த 'அக்கன்' யார் என்று நீங்கள் சொல்லத் தேவையில்லை, அவளுக்கே தெரியும். கண்டுபிடித்தால் எந்தப் பக்கச் சுவரில், எத்தனை நேரம் தேடினாள் என்று அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.